கட்டின காரை முதலில் எங்கே இறக்குவது?

"ஐ.வி.ஏ. பாஸ் ஆயிடுச்சுங்ணா, நம்பர் பிளேட்டும் வந்திருச்சு. டிராக் டேக்கு பிராண்ட்ஸ் ஹாட்ச் புக் பண்ணிரட்டுங்களா?"

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டது. ஐ.வி.ஏ. என்பது வீட்டில் கட்டிய காரைச் சாலையில் விடும் முன் நடக்கும் அரசுப் பரிசோதனை. டிராக் டே என்றால் பணம் கட்டி, நம் காரை ரேஸ் களத்தில் பந்தயமில்லாமல் ஓட்டும் நாள். நம்ம சூலூர்க்காரர். மூன்று குளிர்காலத்தை கராஜிலேயே கழித்தவர். பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கிப் பிரித்து, அதன் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாவற்றையும் தானே வெல்டிங் அடித்த சதுரக் குழாய்ச் சட்டத்தில் ஏற்றியிருக்கிறார். கதவு கிடையாது, கூரை கிடையாது, மொத்த எடை 600 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பார்த்தால் லோட்டஸ் செவன் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சாயல்.

இங்கிலாந்தில் வீட்டில் கார் கட்டுகிற பழக்கத்துக்கு அந்த செவன்தான் தாய்வேர். 1957-ல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் அதை உதிரிப் பாகங்களாகவும் விற்றார். முழுக் காராக வாங்கினால் கட்ட வேண்டிய விற்பனை வரி, பாகங்களாக வாங்கினால் இல்லை. 1973-ல் கேட்டர்ஹாம் என்ற கம்பெனி அந்த வண்டியைத் தயாரிக்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதே உருவத்தைக் கம்பெனிகளும் தனி ஆட்களும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒற்றை வண்டிக்கும் ஐ.வி.ஏ. நடத்திச் சாலைக்கு அனுமதிக்கும் நாடு இது. அதனால்தான் நம்மைப் போன்ற பட்டறைக் கிறுக்கர்களுக்கு இங்கே பிழைப்பு ஓடுகிறது.

அவருக்கு உடனே சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியில் நின்று, பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் முடிவெடுத்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். முதல் டிராக் நாளில் சோதனை வண்டிக்குத்தான், ஓட்டுபவருக்கு அப்புறம். கம்பெனிக் காரை விற்பனைக்கு விடும் முன் ஆர்க்டிக் பனியிலும் பாலைவனத்திலும் பல லட்சம் மைல் ஓட்டித் தேய்த்திருப்பார்கள். நம் வண்டிக்கு அப்படி ஓட்டிப் பார்த்தவர் நாம் ஒருவர்தான், அதுவும் சூப்பர்மார்க்கெட் வரைக்கும். ஐ.வி.ஏ. பாஸ் ஆனதை வைத்து ஏமாறக் கூடாது. வெளியே துருத்தும் விளிம்புகள் 2.5 மி.மீ. வளைவுக்கு மழுங்கியிருக்கின்றனவா, கண்ணாடியில் பின்பக்கம் தெரிகிறதா, பிரேக் முன்னும் பின்னும் ஒழுங்காகப் பிடிக்கிறதா, சத்தம் அளவோடு இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே பார்ப்பார்கள். நீளமான வளைவில் ஏழெட்டு நொடி சாய்ந்தே போனால் ஆயில் எங்கே ஓடும் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே எதை எதோடு ஒப்பிட்டாலும் என் அளவுகோல் ஒன்றுதான்: இங்கே வண்டியை நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்து, ஸ்பேனர் போட எவ்வளவு சுலபம்? சந்தோஷம், பெருமை, போட்டோ எல்லாம் இரண்டாவது நாளுக்கு.

இப்போது களத்துக்கு வருவோம். நமக்கு எட்டும் தூரத்தில் மூன்று வகை உண்டு. பழைய விமானத்தளம் ஒன்று. விமானத்தளத்திலேயே டிராக் நாளுக்கென்று அகலமாக அமைத்த களம் இன்னொன்று. பிராண்ட்ஸ் ஹாட்ச், ஓல்டன் பார்க், கேட்வெல் பார்க் போன்ற பழைய ரேஸ் களங்கள் மூன்றாவது.

விமானத்தளம் என்றால் மட்டமாகச் சிலர் நினைக்கிறார்கள். சில்வர்ஸ்டோனும் ஸ்னெட்டர்டனும் காசில் கூமும் இரண்டாம் உலகப்போரின் விமானத்தளங்கள்தான். நம்ம சோழவரமும் அந்தப் போர்க்காலத்து ஓடுதளம்தானே! 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை மெட்ராஸ் ரேஸ் எல்லாம் அங்கேதான் நடந்தது. லிங்கன்ஷயரில் இருக்கும் பிளைடன் பார்க்கும் பழைய விமானப்படைத் தளமே. இங்கே கிடைக்கிற பெரிய வசதி வெட்டவெளி. வண்டி சுற்றினால் சுற்றிவிட்டு நிற்கும். இடிக்கச் சுவர் இல்லை. கட்டணமும் குறைவு: பேர்பெற்ற களத்தில் ஒரு நாளுக்கு இருநூறு, முந்நூறு பவுண்டு என்றால் இங்கே பெரும்பாலும் அதில் பாதியில் முடியும்.

குறை இல்லாமல் இல்லை. கான்கிரீட் பலகைகளின் மூட்டுகளில் பொடிக்கல் பெயர்ந்து கிடக்கும். முன்னால் போகிற கார் அதை வாரி நம் முகத்தில் அடிக்கும். விண்ட்ஸ்கிரீனைக் கழற்றிவிட்டு ஓட்டும் ஆசை இருந்தால் முழுமுக ஹெல்மெட்டும் மூடிய வைசரும் இல்லாமல் இறங்கவே கூடாது. தரை உப்புத்தாள் மாதிரி டயரைத் தின்னும். வளைவுகளை ரப்பர் கூம்புகள் வைத்துக் காட்டுவார்கள். சாதாரணக் கார் கூம்பைத் தட்டிவிட்டுப் போய்விடும். செவன் மாதிரி வண்டியில் முன்சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே விஷ்போன்கள் (சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் கவை மாதிரியான கைகள்) திறந்து கிடப்பதால் கூம்பு அதற்குள் போய்ச் செருகிக்கொள்ளும். நான் ஒன்றை அரை மைல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பின்னால் வந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொரு விஷயம் சிரிப்பில்லை. கூம்பு வைத்து அமைக்கும் வளைவுகள் பல, தட்டையாக நீளமாக இருக்கும். அங்கேதான் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். இரண்டு நொடி போதும், பேரிங் போச்சு. கம்பெனி வைத்த எச்சரிக்கை விளக்கு அழுத்தம் கிட்டத்தட்ட செத்த பிறகுதான் எரியும். இருபது பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினாலே கண்ணில் குத்துகிற மாதிரி பெரிய சிவப்பு விளக்கு ஒன்று ஸ்டியரிங்குக்கு நேரே வைத்துக்கொள்ளுங்கள் என்று தம்பிக்குச் சொன்னேன். டயரும் முதல் நாள் சாதாரண ரோட்டு டயராகவே இருக்கட்டும். ஒட்டுகிற டயர் போட்டால் வளைவில் வேகம் கூடும், கூடவே ஆயில் ஒதுங்குவதும் கூடும். ரோட்டு டயர் வழுக்கும் முன் கத்திச் சொல்லிவிட்டு வழுக்கும்.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் பெட்ஃபோர்ட் ஆட்டோட்ரோம். முன்னாள் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜோனதன் பாமர், தர்லி விமானத்தளத்தில் அமைத்தது. போரின்போது அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடம். ரேஸ் நடத்தாமல் டிராக் நாளுக்கென்றே போட்டதால் சுவர்கள் தூரத்தில் நிற்கும், வழவழவென்று ஒரே சீரான தார். காரை அறிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. பார்க்க அழகில்லை, வாஸ்தவம். ஒரு மேடு பள்ளம் இல்லை, ஒரு மரம் இல்லை. எங்கே பிரேக் அடிக்க வேண்டும் என்று மனசில் குறித்துக்கொள்ள அடையாளமே அகப்படாது. தலைவலி வேறு இடத்தில்: சத்தக் கட்டுப்பாடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிராண்ட்ஸ் ஹாட்ச் தம்பியின் கனவு. கென்ட்டில் இருக்கிறது, அதன் இண்டி களம் வெறும் 1.2 மைல். முதல் வளைவு பேடாக் ஹில். மேட்டின் உச்சியில் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே தரையே தெரியாது. திரும்பியதும் வயிறு தூக்கிப் போடுகிற மாதிரி சரிவு, அடிவாரத்தில் ஜல்லிப் படுகை. கனமான கார் ஜல்லிக்குள் போனால் புதைந்து நிற்கும். ஐந்து அங்குலம்கூடத் தரை இடைவெளி இல்லாத லேசான வண்டி பக்கவாட்டில் போனால் சக்கரம் குத்தி, கவிழவும் வாய்ப்புண்டு. சுற்று சின்னது என்பதால் எப்போதும் யாராவது முதுகுக்குப் பின்னாலேயே இருப்பார்கள். பிரேக் ஆற நேரம் கிடைக்காது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஏதாவது வாடை வந்தால் அடுத்த நிமிஷம் பிட்டுக்குள் (களத்தோரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) நுழைந்துவிடலாம். சில்வர்ஸ்டோன் மாதிரி 3.66 மைல் களத்தில் கோளாறு ஆனால் அந்த மீதித் தூரம் முழுக்க உருட்டிக்கொண்டு வர வேண்டும்.

கேட்வெல், ஓல்டன் இரண்டும் அழகில் ஊட்டி மலைப்பாதை மாதிரி. பிழைக்கு இடமில்லாததிலும் அப்படியே. முதல் நாளுக்கு வேண்டவே வேண்டாம். மூன்றாவது நாளுக்குக் கேட்வெல் போங்கள், அப்புறம் வேறு எங்கும் போகப் பிடிக்காது. அவசியம் பேர்பெற்ற களம்தான் வேண்டுமென்றால் என் ஓட்டு நார்ஃபோக்கின் ஸ்னெட்டர்டனுக்கு. தட்டை, அகலம், தப்பினால் பெரும்பாலும் புல்.

இனி சத்தம். ஐ.வி.ஏ.வில் 99 டெசிபல் வரை பாஸ். டோனிங்டன் பார்க்கில் வழக்கமான டிராக் நாள் வரம்பு 98. அரசாங்கம் சாலைக்கு அனுமதித்த வண்டியை ரேஸ் களம் "ரொம்ப சத்தம்" என்று திருப்பி அனுப்பலாம் என்பது எனக்கு முதலில் நம்ப முடியாத வேடிக்கையாக இருந்தது. காரணம் லேசானது: களத்தைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன, வீட்டுக்காரர்கள் புகார் கொடுக்கிறார்கள், களம் மூடாமலிருக்க வேண்டுமானால் கவுன்சில் சொல்லும் அளவை மீறக் கூடாது. பெட்ஃபோர்டில் நிறுத்தி அளப்பது 101. ஓடும்போது பாதையோரம் வைத்த மைக்கில் 87.5. சில்வர்ஸ்டோனில் 105, தாராளம்.

அளப்பது இப்படி: எக்ஸாஸ்ட் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக். இன்ஜினை உச்ச சுழற்சியில் முக்கால் பங்குக்கு ஏற்றிப் பிடிக்கச் சொல்வார்கள். 7,000 என்றால் 5,250. இரண்டாவது வருஷம் ஒரு களத்தில் என் வண்டி 98-க்கு 101 காட்டியது. "மூணுதானே" என்று பேரம் பேசினேன். டெசிபலில் மூன்று கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பு என்று அளந்தவர் பொறுமையாக விளக்கிவிட்டு அடுத்த காரைக் கூப்பிட்டார். தப்பு என்னுடையது. சைலன்சருக்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து பறந்துபோகும், ஐ.வி.ஏ. நாளில் இருந்த அமைதி ஒரு வருஷத்தில் காணாமல் போயிருந்தது. கட்டிய பணமும் போனது. காலை ஒன்பது மணிக்கு டீ குடித்துவிட்டு வீடு திரும்பினேன். புக் செய்யும் முன் களத்தின் வரம்பைப் பார்த்து, அதைவிட மூன்று டெசிபலாவது கீழே இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். பைக் இன்ஜின் போட்ட வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

அடுத்தது நாள் எப்படி நடக்கிறது என்பது. செஷன் முறையில் புதியவர், ஓரளவு பழகியவர், அனுபவசாலி என்று மூன்று குழு. ஒவ்வொரு குழுவுக்கும் மணிக்கு இருபது நிமிஷம். ஓபன் பிட் லேன் முறையில் அப்படிப் பிரிவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை வரை எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், ஏறலாம். ஒரே நேரத்தில் இத்தனை கார்தான் என்று மட்டும் கட்டுப்பாடு.

புதியவர்களுக்குச் செஷன்தான் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். தன் வேகக்காரர்களோடு ஓடலாம், கட்டாய ஓய்வு கிடைக்கும். கம்பெனிக் காரோடு வருபவருக்கு அது சரி. கட்டின காருக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். காசு கொடுத்து வாங்கிய இருபது நிமிஷத்தில் நாலாவது நிமிஷம் ஒரு கடகட சத்தம் கேட்டால் நாம் உள்ளே வருவோமா? "முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் மனசு. ஓபன் பிட்டில் அந்த நப்பாசை இல்லை. உள்ளே வந்தால் நஷ்டமில்லை, பத்து நிமிஷத்தில் மறுபடி போகலாம்.

என் முதல் நாளில் மூன்றே சுற்று ஓடிவிட்டு உள்ளே வந்தேன். ஒன்று மெதுவாக, ஒன்று கொஞ்சம் அழுத்தி, ஒன்று பிரேக் ஆற. ஹேண்ட்பிரேக் இழுக்காமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு டார்ச்சோடு அடியில் படுத்தேன். கட்டும்போது ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பிராக்கெட் வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தேன். எல்லாக் கோடும் நேராக இருந்தது. இடது பின்பக்கக் கீழ் விஷ்போனில் மட்டும் கோடு இரண்டாக உடைந்து, நட்டின் மேலிருந்த துண்டு ஒரு நெல்மணி அகலத்துக்கு நகர்ந்து நின்றது. அது நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டு. அளவு பார்ப்பதற்காக மூன்று முறை கழற்றி மாட்டியதையே, கடைசியிலும் போட்டுவிட்டிருந்தேன். மூன்று முறை திருகியதில் நைலான் தேய்ந்து பிடிமானம் போயிருக்கிறது. புது நட்டு விலை முப்பது பென்ஸ். அன்று செஷன் நாளாக இருந்திருந்தால் இன்னும் ஒரு பத்துச் சுற்று போயிருப்பேன்.

ஓபன் பிட்டின் குறை, எல்லா வேகக்காரரும் ஒன்றாக ஓடுவது. நம் வண்டி வளைவில் குரங்கு மாதிரி ஒட்டும், நேர்ப்பாதையில் திணறும். ஒன்றரை டன் பிஎம்டபிள்யூ நேர்ப்பாதையில் நம்மைத் தாண்டிப்போய் அடுத்த வளைவில் குறுக்கே மெதுவாக உட்காரும். இதற்காக ஆத்திரப்படக் கூடாது. நேர்ப்பாதையில் மட்டும், முன்னால் போகிறவர் இண்டிகேட்டர் போட்டு வழிவிட்டால் மட்டும் தாண்டலாம் என்பது பொது விதி. நேரம் எடுப்பதும் பந்தயம் கட்டுவதும் கூடாது. பக்கத்தில் வருகிற ஜீப் மாதிரி வண்டியின் கண்ணாடியில் நம் தலை தெரியாது என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

செவன் வகை வண்டிக்காரர்களின் கிளப் நடத்தும் நாள் கிடைத்தால் இந்த இரண்டையும்விட அது மேல். எல்லாரும் ஒரே உயரம், ஒரே வேகம். பக்கத்துக் கொட்டகையில் இருப்பவரிடம் உங்கள் வண்டிக்கான உதிரிப்பாகம் இருக்கும். கேட்காமலேயே கொண்டுவந்து நீட்டுவார். ஆனால் தேதி நமக்குத் தோதாக அமைவது அபூர்வம்.

கடைசியாக, ஓட்டிக்கொண்டு போவதா, டிரெய்லரில் ஏற்றிப் போவதா. கோயம்புத்தூரில் கட்டியிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. வீட்டில் கட்டிய காருக்குச் சாலைப் பதிவு வாங்குவது அநேகமாக நடக்காத காரியம், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கு டெம்போவில்தான் போக வேண்டும். அந்தக் களத்துக்குப் பேர் தந்த கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் வண்டியை உருவாக்கியதும் நம்ம ஊரில்தான். அந்த வண்டியைப் பார்த்து வாய்பிளந்த பையன்களில் நானும் ஒருத்தன். ஆனால் இங்கே நம்பர் பிளேட் இருக்கிறது, ஓட்டலாம்.

ஓட்டிப்போவதில் ஒரு நல்ல குணம் உண்டு: இதே காரில் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும் என்ற நினைப்பு பிரேக்கை ஒரு கணம் முன்னதாக அடிக்க வைக்கும். அதற்காகவே இப்போதெல்லாம் நான் ஓட்டித்தான் போகிறேன். முதல் நாள் மட்டும் கதை வேறு. விடிகாலை ஐந்தரைக்குக் கூரையில்லாத வண்டியில் மழையோடு எண்பது மைல் போய், ஏழரைக்குப் பதிவு, சத்தச் சோதனை, விளக்கக் கூட்டம் என்று நிற்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். திரும்பும்போது எதாவது கழன்றால் ரெக்கவரிக்காரர்களைக் கூப்பிடலாம்தான். டிராக்கில் கெட்ட வண்டியைத் தூக்க மாட்டோம் என்று பல பாலிசிகளில் இருக்கிறது.

டிரெய்லர் இழுக்கத் தனி லைசென்ஸ் வேண்டுமே என்று தம்பி தயங்கினார். அது பழைய கதை. 1997-க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்குத் தனிப் பரீட்சை இருந்தது; 2021 டிசம்பர் 16 முதல் அது கிடையாது, 3,500 கிலோ வரை இழுக்கலாம். நம் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே ஆயிரம் கிலோவைச் சுற்றித்தான் வரும். வீட்டுக் காரின் கதவோரத் தகட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று பார்த்துக்கொண்டால் போதும். மோட்டார்வேயில் 60 மைல் வேகம்தான், மூன்று தடத்தில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது. தாழ்ந்த மூக்கு சாய்வுப் பலகையில் இடிக்கும், இரண்டு மரப்பலகை கூடக் கொண்டுபோங்கள்.

இன்ஷூரன்ஸைப் பற்றி அதிகம் இல்லை. ரோட்டு பாலிசி பெரும்பாலும் களத்துக்குள் செல்லாது. ஒருநாள் பாலிசி தனியாக வாங்கலாம். ஆனால் வண்டி மதிப்பில் கணிசமான பங்கை நாமே முதலில் ஏற்க வேண்டியிருக்கும், மூன்று குளிர்காலத்து உழைப்புக்கு அவர்கள் கணக்கில் விலை பூஜ்யம். சுவர் தூரத்தில் இருக்கும் களமென்றால் நான் வாங்குவதில்லை. பிராண்ட்ஸ் போனால் வாங்குவேன்.

ஆக தம்பிக்கு நான் சொன்னது: ரோட்டில் ஐந்நூறு மைலாவது ஓட்டி முடியுங்கள்; வார நாளில் பெட்ஃபோர்ட், ஓபன் பிட் லேன், டிரெய்லர். பெட்ஃபோர்டின் 101-க்குள் வண்டி வராவிட்டால் பிளைடன் மாதிரி ஒரு விமானத்தளம், அங்கேயும் வரம்பைக் கேட்டுக்கொண்டு. பிராண்ட்ஸ் ஹாட்ச் அடுத்த வருஷம், நானும் வருகிறேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சத்தம் எவ்வளவுன்னு ஐ.வி.ஏ. தாள்ல பார்த்தேனுங்ணா, 98.6 போட்டிருக்காங்க" என்றார்.

அது எட்டு மாதத்துக்கு முந்தைய அளவு. சனிக்கிழமை லெஸ்டர் போகிறேன். சைலன்சரின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டு, பஞ்சு மாற்றி, அரை மீட்டருக்கு ஒரு குச்சி வெட்டி வைத்து அளக்க வேண்டும். புது பூட்டு நட்டு ஒரு பாக்கெட்டும் மஞ்சள் பெயிண்ட் பேனாவும் நான் கொண்டுவருகிறேன் என்றேன். கையுறை அவரே வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணாடிப் பஞ்சு ஒரு தடவை விரலில் ஏறினால் இரண்டு நாளைக்குச் சோறு பிசைய முடியாது.